தூக்கக் கலக்கமா?

என் தங்கை விமானம் ஓட்டுவதை விட்டுவிட்டு டிவியில் மழை சொல்லப் போனது ஏன் என்று என்னிடம் கேட்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. கேட்கிறவர்களுக்கு என் பதில் தேவையில்லை. பதிலையும் அவர்களே கையோடு கொண்டு வந்துவிடுவார்கள். பயந்துவிட்டாள் என்பார் மருந்துக்கடைக்காரர். நாலு பேருக்கு முகத்தைக் காட்டுகிற ஆசை என்பாள் எதிர்வீட்டுக்காரி. எங்கள் டிப்போவில் டைம்கீப்பர் ஒருவர் இருக்கிறார். "பொம்பளைக்கு அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார். அந்த மனிதருக்கு சைக்கிள் விடவே தெரியாது. இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவன் நான், எனக்குத் தெரியும், வண்டி ஓட்டத் தெரியாதவன்தான் ஓட்டுகிறவனுக்கு அதிகம் சொல்லிக் கொடுப்பான்.

அதனால் ஒரே ஒரு முறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு யாராவது வந்து கேட்டால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

அவள் பதினோரு வருடம் விமானம் ஓட்டினாள். அதில் கடைசி ஐந்து வருடம் கேப்டன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். ஆட்களைக் குறைத்துக்கொண்டே போன கம்பெனி, இருக்கிறவர்கள் தலையில் எல்லாவற்றையும் கட்டியது. யார் எந்த நாளில் எந்த விமானத்தை ஓட்ட வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும், ரோஸ்டர் என்பார்கள். எங்கள் டிப்போவிலும் அதே பெயர்தான், அதே அக்கிரமம்தான். நாலு நாள் தொடர்ந்து விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து போனாள். ஐந்தாவது நாள் ஓய்வு என்று போட்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் போன் வந்தது, ஓய்வு கிடையாது, நாளைக்கும் வா என்று.

களைப்பாக இருக்கிறவர் ஓட்டக்கூடாது, களைப்பாக இருப்பதை அவரே சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். அதற்கென்று ஒரு படிவமும் இருக்கிறது. அவள் அதை நிரப்பிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து படுத்தவள் பதினாலு மணி நேரம் தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று பார்க்க என் மனைவி இரண்டு தடவை மாடி ஏறினாள்.

மறுநாள் ஆபீசில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அங்கே ஒரு மேலாளர். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வாராம். அவள் அவருக்கு வைத்த பெயர் சிரிப்பு மேலாளர். "வீட்டுல ஏதாவது பிரச்சனையா மேடம்?" என்று கேட்டாராம். "இல்ல, லேடீஸுக்கு உடம்புல அப்பப்ப ஏதாவது இருக்கும், புரியுது" என்றாராம். "வேற யாருமே இந்தப் படிவத்தைப் போடலையே, நீங்க மட்டும் போட்டிருக்கீங்களே" என்றும் சொல்லியிருக்கிறார். ஒரு பயலும் அவளைத் திட்டவில்லை. மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள், மறுபடி பயிற்சி என்றார்கள், பயிற்சிக்கு நாள் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். இரண்டு மாதம் வீட்டில் சும்மா உட்கார வைத்தார்கள். மூன்றாவது மாதம் அவள் ராஜினாமா எழுதினாள். ஒரு பக்கம் முழுக்க நடந்ததை எழுதிக் கொடுத்தாள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'தனிப்பட்ட காரணங்களால்' என்று மட்டும் எழுதுங்கள், அப்போதுதான் சான்றிதழ் சீக்கிரம் வரும் என்றார் சிரிப்பு மேலாளர். அவளும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கம்பெனிக்காரனை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அன்று சாயங்காலம் அவள் இதைச் சொன்னபோது நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். "களைப்பாம் களைப்பு! நான் மட்டும் என்ன பூப்பறிச்சுக்கிட்டா இருக்கேன்? டபுள் டூட்டி பாத்துட்டு மறுநாள் காலையில வண்டி எடுக்கலையா?"

"அதான்ணா எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

அவள் எதைச் சொன்னாள் என்று யோசிக்கிற புத்தி எனக்கு அன்று இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

டிவிக்குப் போனது தற்செயல்தான். பெண் விமானிகளைப் பற்றிய ஒரு நிகழ்ச்சிக்குப் பேட்டி எடுக்க வந்தார்கள். இவள் மேகத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியதைக் கேட்ட செய்தி ஆசிரியர், வானிலை சொல்ல வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டார். அந்த ஆசிரியர் கெட்டிக்காரர், இல்லை என்று சொல்லமாட்டேன். வாயில் எப்போதும் ஏலக்காய் மென்றுகொண்டே இருப்பார். ஸ்டுடியோ என்பது உள்ளே போனால் ஒரு குளிரூட்டிய கிடங்கு. பச்சைத் துணி கட்டிய சுவருக்கு முன்னால் நின்று, அங்கே இல்லாத வரைபடத்தைக் கையால் காட்ட வேண்டும். முகத்தில் அரை மணி நேரம் பூசுவார்கள். ஒரு நாள் பூச்சைக் கழுவாமல் வீட்டுக்கு வந்தாள். "சுவத்துக்குப் பட்டி பாத்த மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி. தங்கையே சிரித்துவிட்டாள். ரொம்ப நாளுக்கு அப்புறம் அவள் சிரித்தது அன்றுதான்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. விமானம் ஓட்டும்போது தரையிலிருந்து காதில் ஒன்று சொன்னால், அதைச் சொன்னபடியே திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த உயரத்துக்கு ஏறு என்றால் இந்த உயரத்துக்கு ஏறுகிறேன் என்று சொல்ல வேண்டும். தப்பாகக் கேட்டிருந்தால் அங்கேயே திருத்திக்கொள்வார்கள். நூற்றைம்பது உயிர் அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது. பதினோரு வருடம் அப்படியே இருந்தவளுக்கு வீட்டிலும் அது ஒட்டிக்கொண்டது. "வர்றப்போ சோப்பு ரெண்டு, வெங்காயம் ஒரு கிலோ" என்று என் மனைவி சொன்னால், "சோப்பு ரெண்டு, வெங்காயம் ஒரு கிலோ" என்பாள். "உங்க தங்கச்சிகிட்ட பேசுறது கிணத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்குங்க" என்று என் மனைவி என்னிடம் புலம்புவாள். ஆனால் தங்கை கடைக்குப் போன நாளில் ஒரு சாமான் விட்டுப்போனது கிடையாது. நான் போன நாள் கதை வேறு.

டிவியில் அவள் காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டினார்கள். உள்ளே இருந்து ஆசிரியர் அதில் பேசுவார், பார்க்கிறவர்களுக்குக் கேட்காது. இரண்டாவது நாள், நேரலையில், "கிழக்குப் பகுதியில் பலத்த மழைக்கு வாய்ப்பு" என்று சொல்லிக்கொண்டு வந்தவள் திடீரென்று "முப்பது செகண்டில் முடிக்கிறேன்" என்றாள். கொஞ்ச நேரத்தில் "இடது பக்கம் நகர்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். ஊரே சிரித்தது. அந்தத் துண்டை வெட்டி போனுக்குப் போன் அனுப்பினார்கள். 'ரிப்பீட் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். அவள் தெருவில் நடந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னாலிருந்து "இடது பக்கம் நகர்கிறேன்" என்று கத்தும். ஆசிரியருக்கு ஏகப்பட்ட சந்தோஷம், மாத்திக்காதீங்க மேடம், இதுதான் உங்க அடையாளம் என்றார். அவளுக்கோ அவமானம் தாங்கவில்லை. உயிரைக் காப்பாற்றுகிற பழக்கம் ஒன்று ஊருக்கு நகைச்சுவை ஆகிவிட்டதே என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நாக்கைக் கடித்துக் கடித்தே இரண்டு மாதத்தில் அதை நிறுத்தினாள்.

இப்போது நிதானம் கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவன் இவளுக்குப் பக்கத்து இருக்கையில் மூன்று வருடம் துணை விமானியாக இருந்தவன். இவளைவிட ஏழு வயது சின்னவன். எதற்கும் பதறமாட்டான். அதனால் கூட வேலை செய்கிறவர்கள் நிதானம் என்று கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு மனைவியோடும் மகளோடும் இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறான். இவள் போன பிறகு அவனைக் கேப்டனாக உயர்த்தி, இவள் ஓட்டிய ஓட்டத்தையெல்லாம் அவனிடம் கொடுத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் வால்வைக் கழற்றி வைத்துக்கொண்டு கிடந்தேன். அவளுக்கு அவனிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், அதனால் எனக்கு எல்லாம் கேட்டது.

"மேடம், அந்தக் களைப்புப் படிவம் உங்ககிட்ட ஏதாவது மிச்சம் இருக்கா? ஆபீஸ்ல போய்க் கேட்டா உடனே தெரிஞ்சுடும்."

"எதுக்கு?"

"முடியல மேடம். நேத்து தரையிறங்கின அப்புறம், எப்படி இறங்கினேன்னு யோசிச்சுப் பாத்தா ஞாபகமே வரல."

அவள் கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமல் அப்படியே நின்றாள்.

"போடாத" என்றாள். "நான் சொல்றதைக் கேளு. அதைப் போட்டா என்ன ஆகும்னு நீ பாத்தேல்ல? உடம்பு சரியில்லைன்னு லீவு எடு. காய்ச்சல்னு சொல்லு, வயித்து வலின்னு சொல்லு. அந்தப் படிவத்தை மட்டும் போடாத."

"சரிங்க மேடம்" என்றான் அவன்.

இது நடந்தது மூன்று வாரத்துக்கு முன்னால். எதற்கு முன்னால் என்றால், அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால்.

செவ்வாய்க்கிழமை காலை நல்ல மழை. எட்டேகால் மணிக்கு அவளுடைய பழைய கம்பெனி விமானம் ஒன்று தரையிறங்கி, ஓடுபாதையில் நிற்காமல் கடைசிச் சுவர் வரை போய் மோதியது. முன்பக்கம் நொறுங்கியது. விமானிகள் இரண்டு பேரும், பயணிகளில் ஒன்பது பேரும் இறந்தார்கள். நான் முதல் நடை முடித்துவிட்டு டிப்போ கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். அங்கே சுவரில் ஒரு டிவி இருக்கிறது. என் தங்கை வேலை செய்கிற சேனல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது மணி ஆகவில்லை. தீயணைப்பு வண்டி இன்னும் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறது, உள்ளே இருந்து ஆட்களை இன்னும் வெளியே எடுக்கவில்லை. அதற்குள் திரையின் அடியில் எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது: விமானி தூக்கக் கலக்கமா?

அந்த வார்த்தை எங்களுக்கு, ஓட்டுநர்களுக்கு, நன்றாகத் தெரியும். எந்தப் பேருந்து கவிழ்ந்தாலும் மறுநாள் பேப்பரில் அந்த ஒரு வார்த்தைதான். பிரேக் பிடிக்கவில்லை என்று நாலு தடவை எழுதிக் கொடுத்த வண்டியாக இருக்கும், டயர் வழுக்கையாக இருக்கும், சாலையில் ஆள் முழுகுகிற பள்ளம் இருக்கும். ஆனால் ஓட்டுநருக்குத் தூக்கக் கலக்கம். ஏன் தூங்கவில்லை, யார் தூங்கவிடவில்லை என்று ஒருத்தனும் எழுதமாட்டான். செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டான் என்ற தைரியம்தான்.

என் போன் அடித்தது. தங்கைதான். வானிலை முடித்துவிட்டு ஒப்பனை அறையில் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, நிதானம்தான்."

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

"இன்னையோட அவனுக்குத் தொடர்ந்து அஞ்சாவது நாள். கம்பெனியில கூட வேலை பாக்குற பொண்ணுங்க சொன்னாங்க. நான்தான்ணா போடாதேன்னு சொன்னேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாயை மூடிக்கிட்டு இரு" என்றேன். "அது உனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கும் தெரியாது, நான் எதையும் கேக்கல. பேசாம கிளம்பி வீட்டுக்கு வா." தங்கையைக் காப்பாற்றுகிறேனாம். நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அவள் பதில் சொல்வதற்குள் போனில் ஆசிரியரின் குரல் கேட்டது. "மேடம், நம்மகிட்ட ஒரு கேப்டனே இருக்கீங்க, வாங்க வாங்க, இதைவிட என்ன வேணும்." அவள் கீழே ஓடுகிற எழுத்தை முதலில் எடுக்கச் சொன்னாள். "நாம எங்க சொன்னோம்? கேள்விதானே கேக்குறோம். கேள்விக்குறி போட்டிருக்கு பாருங்க." அத்தோடு போன் நின்றது.

ஐந்து நிமிடத்தில் அவள் திரையில் வந்தாள். மழை சொல்லப் போட்ட அதே நீலச் சட்டை. செய்தி வாசிப்பவர் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னாள். ஈரமான ஓடுபாதையில் சக்கரம் தண்ணீருக்கு மேலே வழுக்கும் என்றாள். காற்று பின்னாலிருந்து அடித்திருந்தால் வேகம் குறையாது என்றாள். கறுப்புப் பெட்டியை எடுத்துப் பார்க்காமல் யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்றாள். கேன்டீனில் எல்லோரும் என் தங்கை என்பதால் கொஞ்சம் மரியாதையாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். கண் ஒரு பக்கமாகப் போனது. காதில் யாரோ பேசுகிறார்கள் என்று பார்க்கிற எவனுக்கும் தெரிந்திருக்கும். அப்புறம் சொன்னாள், ஒரு வார்த்தையும் விடாமல், விமானத்தில் சொல்கிற அதே தட்டையான குரலில்:

"தூக்கக் கலக்கமா இருக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம், போதும், கம்பெனி பேரைத் தொடாதீங்க."

கேன்டீனில் சிரித்துவிட்டார்கள். ரிப்பீட் அக்கா மறுபடி ரிப்பீட் பண்ணிவிட்டாள் என்று டைம்கீப்பர் மேசையைத் தட்டினார். அவள் கேமராவையே பார்த்தாள். "நீங்கள் என் காதில் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டேன். நான் கேட்டது சரிதானா?" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. கேஸ் அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது.

பழக்கத்தில் வந்ததா, வேண்டுமென்று சொன்னாயா என்று பின்னால் கேட்டேன். "முதல் வார்த்தை தானா வந்துடுச்சுண்ணா. மீதியை நான்தான் சொன்னேன்" என்றாள்.

மீதி அதோடு முடியவில்லை. திரையில் தொடர்ந்து சொன்னாள்: "அவர் தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. களைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் அவரே என்னிடம் சொன்னார். அதை எழுதிக் கொடுக்கப் படிவம் இருக்கிறதா என்று கேட்டார். போடாதே என்று சொன்னவள் நான். ஏனென்றால் நான் போட்டேன், என்னை வெளியே தள்ளினார்கள். தனிப்பட்ட காரணம் என்று எழுதச் சொன்னார்கள், நானும் எழுதினேன். அது பொய். என் காரணம் ரோஸ்..."

பாதி வார்த்தையில் ஷாம்பு விளம்பரம் வந்தது. ஒரு பெண் தலைமுடியைச் சுழற்றிச் சுழற்றிச் சிரித்தாள். எனக்குப் பக்கத்தில் இருந்த கண்டக்டர் எழுந்து போய் டிவியின் ஒயரைப் பிடுங்கினார். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

கால் மணி நேரத்தில் எழுத்து மாறிவிட்டதைப் போனில் பார்த்தேன். 'விபத்துக்கு நான்தான் காரணம்: முன்னாள் பெண் விமானி ஒப்புதல்?' அதே கேள்விக்குறி, இப்போது என் தங்கையின் கழுத்தில். மத்தியானத்துக்குள் அவளுடைய அடையாள அட்டையைக் காவலாளியை விட்டே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஆசிரியர் அறைக் கதவைத் திறக்கவே இல்லையாம். கம்பெனி ஓர் அறிக்கை விட்டது. தனிப்பட்ட காரணங்களுக்காக விலகிய முன்னாள் ஊழியர் ஒருவரின் கருத்துகள் வருத்தமளிக்கின்றனவாம். சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பான்.

மருந்துக்கடைக்காரர் மட்டும் விட்டாரா? தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். "உங்க தங்கச்சி சொல்லித்தான் அவன் ஓட்டுனானாமே, பதினோரு பேரு போயிட்டாங்களே சார்" என்றார். மாத்திரையை அவர் மேசையிலேயே எறிந்துவிட்டு, இருபது வருடமாக அவரைப் பற்றி மனதில் வைத்திருந்ததை எல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். தலைவலி தானாகப் போய்விட்டது.

விசாரணைக்காரர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். போய் நடந்ததைச் சொன்னாள், அவன் பேசிய நாளையும் நேரத்தையும் போனிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். போன் வந்தது என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது, பேசினது என்ன என்பதற்கு நீங்கள் சொல்வது மட்டும்தானே என்றார்களாம். நானும் கேட்டேன் என்று நான் போய்ச் சொன்னேன். அண்ணன் சாட்சி எடுபடுமா? ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதற்குள் வேறு நாலு சேனல்களும் அதே வார்த்தையைப் பிடித்துக்கொண்டன. நிதானம் தூங்கிச் செத்தவன் என்றே ஊர் முடிவு கட்டிவிட்டது. என் தங்கைக்கு வேலை போனது பெரிதாகத் தெரியவில்லை. அவன் பெயர் அப்படியே போய்விடுமே என்பதுதான் அவளை அரித்தது. அவனைப் பேசவிடாமல் செய்தவள் நான்தானே என்று மாடியில் நடந்துகொண்டே இருந்தாள்.

ஒன்பதாவது நாள் மத்தியானம் அவன் மனைவி வந்தாள். தனியாக வந்தாள். கதவைத் திறந்தவன் நான்தான். தங்கை மேல் கையை ஓங்கினால் நடுவில் போய் நிற்பதா, வாங்கிக்கொள்ளட்டும் என்று விடுவதா என்று எனக்கே தெரியவில்லை. என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தங்கை கீழே இறங்கி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"என் பொண்ணு கிளாஸ்ல ஒருத்தி கேட்டிருக்கா" என்றாள் வந்தவள். "உங்கப்பா தூங்கிட்டாராமேன்னு. வீட்டுக்கு வந்து என்கிட்ட கேக்குறா, அப்பா தூங்கிட்டாராம்மான்னு. நான் என்னக்கா சொல்லட்டும்?"

"தெரியலம்மா" என்றாள் தங்கை. "தூங்கலைன்னு சொல்ல எனக்கு ஆசைதான். ஆனா எனக்குத் தெரியாது. அன்னைக்கு நான் மட்டும் போடுன்னு சொல்லியிருந்தா..."

"டிவியில பாத்தேன். அதுக்குத்தான் வந்தேன்."

தண்ணீரை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.

"உங்ககிட்ட கேக்குறதுக்கு முன்னாடியே அவர் ஒண்ணு எழுதி வெச்சிருந்தாருக்கா. முழுசா எழுதி, கையெழுத்தும் போட்டு, சாப்பாட்டு மேசை மேல வெச்சுட்டுக் குளிக்கப் போனாரு. நான் எடுத்துப் படிச்சேன். படிச்சுட்டு நான்தான் கிழிச்சேன். அக்காவுக்கு ஆனது உங்களுக்கும் ஆகணுமான்னு கேட்டுக் கிழிச்சேன். அப்புறம்தான் உங்களுக்குப் போன் பண்ணியிருக்காரு, வேற படிவம் இருக்கான்னு."

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கூடத்தில் நாங்கள் மூன்று பேர், அவனை யார் கொன்றது என்று எங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டிருந்தோம். களைப்பாம் களைப்பு என்று கத்தினவன் நான், போடாதே என்றவள் இவள், கிழித்தவள் அவள். ரோஸ்டர் போட்டவன் வீட்டில் அந்த நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுக் குட்டித் தூக்கம் போட்டிருப்பான். அவனை இன்றுவரை ஒரு டிவியும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"அதுல என்ன எழுதியிருந்தான்?" என்று தங்கை கேட்டாள்.

"அஞ்சு வரிதான். அஞ்சும் எனக்கு மனப்பாடம். தினமும் சொல்லிப் பாத்துக்குறேன்."

தங்கை அவள் கையைப் பிடிக்கவில்லை, தேற்றவும் இல்லை. "இதை விசாரணையில சொன்னா அவன் முன்னாடியே எழுதிக் கொடுக்கப் பாத்தான்னு ஆகும்" என்றாள். "ஆனா கிழிச்சதையும் சொல்லணும். அது டிவியில கீழே ஓடும், உன் பேரைப் போட்டு. உன் பொண்ணு படிப்பா. நான் உன்னைச் சொல்லச் சொல்லமாட்டேன்."

வெளியே காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான். வந்தவள் எழுந்து புடவையைச் சரி செய்தாள். பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்தாள். காகிதத்தைத் தேடவில்லை, இடது உள்ளங்கையை விரித்துக்கொண்டாள்.

"விசாரணை ஆபீஸ் எத்தனாவது மாடிக்கா?" என்று கேட்டாள்.